கைச்சூடு: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மகனுக்கு ஐந்து மாதம். இன்னும் மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். வயிற்றில் இருக்கும்போதே ‘அட்டாச்மென்ட் பேரன்டிங்’ பற்றிப் படித்து, இப்படித்தான் வளர்க்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். கேட்கும்போதெல்லாம் பால், பக்கத்திலேயே படுக்கை, அழவிடாமல் தூக்குவது, வெளியே போனால் மார்போடு கட்டிக்கொள்வது. அத்தைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “கைச்சூட்டுக்குப் பழகிட்டா அப்புறம் கீழயே விட முடியாது கண்ணு” என்கிறார். தூளியில் போட்டால் நன்றாகத் தூங்குகிறான். ஆனால் நான் இருக்கும் வாட்ஸாப் குழுவில், தூளி குழந்தையை அம்மாவிடமிருந்து பிரித்துவிடும் என்கிறார்கள். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு, மூன்றாவது தடவையாக எழுந்து அழுதபோது, “என்னை விட்டுடுடா” என்று கத்திவிட்டேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அவன் பார்த்த பார்வை கண்ணைவிட்டுப் போகவில்லை. இனி பகல் முழுக்க அத்தையிடம் விட்டுப்போனால் எங்கள் பிணைப்பு அறுந்துவிடுமா?

ர.

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அறுந்துவிடாது. நிம்மதியாக மிச்சத்தைப் படியுங்கள்.

நீங்கள் படித்தது இரண்டு வேறு விஷயங்கள் கலந்த ஒன்று. பிணைப்புக் கோட்பாடு, அதாவது ‘அட்டாச்மென்ட் தியரி’, ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவருடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் 1951-இல் ஓர் அறிக்கை எழுதினார். குழந்தைக்குச் சோறும் மருந்தும் போதாது, தனக்கென்று மாறாத ஒரு மனிதர் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ‘அட்டாச்மென்ட் பேரன்டிங்’ என்ற பெயரைப் பரப்பியவர் வில்லியம் சியர்ஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், பல பத்தாண்டுகள் கழித்து. பால் கொடுப்பது, கட்டிக்கொண்டு திரிவது, பக்கத்தில் படுக்கவைப்பது என்று ஏழு விஷயங்களை அவர் வரிசைப்படுத்தினார். ஏழாவது, சமநிலை. அம்மா தன்னையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரே சொன்னது அது. உங்கள் குழுவில் அந்த ஏழாவதை யாராவது எடுத்துச் சொன்னார்களா?

சியர்ஸ் சொன்னவற்றில் எனக்கு வெறுப்பில்லை. அவர் நாட்டில் அது தேவைப்பட்டது. குழந்தையைக் கொஞ்சாதீர்கள், மடியில் வைக்காதீர்கள், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று ஜான் வாட்சன் என்ற உளவியலாளர் 1928-இல் புத்தகமே போட்ட நாடு அது. தனி அறையில், தனித் தொட்டிலில், கடிகாரம் பார்த்துப் பால் கொடுத்து வளர்ந்த தலைமுறைகள் அங்கே உண்டு. அந்த அம்மாக்களிடம் போய் “தூக்குங்கள், தப்பில்லை” என்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. நம் வீடுகளில் ஐந்து மாதக் குழந்தை தனி அறையில் தூங்கி நான் பார்த்ததில்லை. இங்கே அது அம்மா தலையில் இன்னொரு பட்டியலாகத்தான் வந்து விழுகிறது.

கைச்சூடு பற்றி உங்கள் அத்தை சொல்வதை நான் ஏற்கவில்லை. ஐந்து மாதக் குழந்தைக்கு அடம் தெரியாது, தேவை மட்டும்தான் தெரியும். அமெரிக்காவின் பால்டிமோரில் மேரி ஐன்ஸ்வொர்த், சில்வியா பெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 26 குழந்தைகளை அவர்கள் வீட்டுக்கே போய் ஒரு வருடம் கவனித்தார்கள். முதல் மாதங்களில் அழுதவுடன் தூக்கப்பட்ட குழந்தைகள் வருடக் கடைசியில் குறைவாகவே அழுதார்கள் என்று 1972-இல் எழுதினார்கள். மறுத்தவர்களும் உண்டு. நான் வளர்த்துப் பார்த்த வரையில் ஐன்ஸ்வொர்த்தும் பெல்லும் சொன்னதே சரி. தூக்குங்கள்.

ஆனால் அத்தையும் தூக்கட்டும். தூளியில் ஆட்டும் அந்தக் கையையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். இதே ஐன்ஸ்வொர்த் பால்டிமோருக்கு முன்னால், 1954-இல், உகாண்டாவில் கம்பாலாவைச் சுற்றியுள்ள ஊர்களில் குழந்தைகளைக் கவனித்தார். அங்கே அம்மாக்கள் தோட்டத்தில் வேலை செய்தார்கள், வீட்டில் குழந்தையைத் தூக்கிவைத்திருக்க வேறு கைகளும் இருந்தன. பிணைப்பைப் பற்றிய முதல் கள ஆய்வு நடந்தது அப்படிப்பட்ட வீடுகளில்தான். அம்மாவும் பிள்ளையும் மட்டும் பூட்டிய ஃபிளாட்டில் நாள் முழுக்க இருக்கும் வாழ்க்கை இப்போது வந்தது. பெற்ற உடம்பு ஆறுவதற்குள் எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் சுமப்பது யாராலும் ஆகாத காரியம் ர., நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்குக் கத்தியதற்குக் காரணம் அதுதான்.

அந்தப் பார்வையைப் பற்றி. எட் ட்ரானிக் என்ற ஆய்வாளர் அம்மாவும் குழந்தையும் முகம் பார்த்து விளையாடுவதைப் படம்பிடித்து நொடி நொடியாகப் பார்த்தவர். நல்ல உறவுள்ள ஜோடிகளே பத்தில் மூன்று பங்கு நேரம்தான் ஒத்துப்போகிறார்கள் என்று கண்டார். மிச்ச நேரமெல்லாம் பிசகுவதும் சரிசெய்துகொள்வதும்தான். அப்படிச் சரியாவதில்தான் குழந்தைக்கு நம்பிக்கை பிடிக்கிறது என்றார். நீங்கள் கத்திய பிறகு என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. தூக்கியிருப்பீர்கள். அவன் உங்கள் தோளிலேயே தூங்கியிருப்பான். அதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். தினமும் காரணமில்லாமல் அழுகை வந்தால், அவன் தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், குழுவில் கேட்காமல் டாக்டரிடம் போங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு வைத்தியம் இருக்கிறது.

என் மகள் பிறந்தபோது எனக்குக் கிடைத்த விடுப்பு 12 வாரம். அன்றைய சட்டம் அவ்வளவுதான். அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அவளுக்குப் பதினான்கு மாதமானபோது அலுவலகப் பயிற்சிக்காக நான்கு நாள் சென்னையில் இருக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலை பஸ்ஸில் மதுரையில் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா மடியில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பி அம்மாவின் தோளில் வைத்துக்கொண்டாள். புடவைத் தலைப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். தூக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: “கோவம்டி. உரிமை இருக்கிறவ மேலதான கோவம் வரும்? குளிச்சிட்டு வந்து பக்கத்துல உக்காரு. தூக்காத.”

அப்படியே செய்தேன். தலை ஈரமாகவே தரையில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் இருக்கும். ஊறிப்போன ஒரு இட்லித் துண்டைக் கொண்டுவந்து என் வாயில் திணித்தாள். பிறகு என் மடியில் தலையைப் போட்டுக்கொண்டு, ஒரு விம்மல், அவ்வளவுதான். அன்று முழுக்க என் இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

ரொம்ப வருடம் கழித்துத்தான் ஐன்ஸ்வொர்த்தின் சோதனையைப் பற்றிப் படித்தேன். ஒரு வயதுக் குழந்தையை அறையில் விட்டுவிட்டு அம்மா சில நிமிடம் வெளியே போய்த் திரும்புவார். மொத்தமே இருபது நிமிடம். அம்மா போகும்போது அழுகிறதா என்பதைவிட, திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதைத்தான் அவர் முக்கியமாகக் குறித்துக்கொண்டார். படித்தவுடன் எனக்கு அந்த இட்லித் துண்டுதான் ஞாபகம் வந்தது.

சில நடைமுறை விஷயங்கள். பக்கத்தில் படுக்கவைப்பது உங்கள் விருப்பம், ஆனால் மெத்தை கெட்டியாக இருக்கட்டும், முகத்தருகே தலையணையும் போர்வையும் வேண்டாம். யாராவது குடித்திருந்தாலோ தூக்க மாத்திரை போட்டிருந்தாலோ அந்தப் படுக்கையில் குழந்தை வேண்டாம். பாதுகாப்புக்கு மிக நல்லது, அதே அறையில் அவனுக்குத் தனியாக ஒரு சமதளப் படுக்கை. தூளியில் போட்டால் தாடை மார்பில் முட்டாமல், முகம் வெளியே தெரியும்படி இருக்க வேண்டும், ஒருவர் கண்ணும் மேலே இருக்க வேண்டும். வேலைக்குப் போகும் முன்பே பால் பீய்ச்சிச் சேமிக்கப் பழகிக்கொள்ளுங்கள். சட்டப்படி ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதியும் உண்டு. உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் அடுத்து வருகிறவளுக்கு உதவும்.

உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ராத்திரி மூன்றாவது அழுகை இனி அவருடையதாக இருக்கட்டும்.

எட்டு, ஒன்பது மாதத்தில் நீங்கள் செருப்பு மாட்டினாலே அவன் அழ ஆரம்பிப்பான். செல்லம் கொடுத்துக் கெட்டுவிட்டதாக யாராவது சொல்வார்கள். அந்த வயதில் எல்லாக் குழந்தையும் அழும். ஒளிந்து போகாதீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள். சாயங்காலம் வந்ததும் போனைப் பையிலேயே விட்டுவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டு வந்து தரையில் உட்காருங்கள். அத்தை மடியிலிருந்து அவன் உடனே இறங்கி வராவிட்டால் இழுக்காதீர்கள். அத்தையிடம் பகலில் என்ன செய்தான் என்று கேட்டுக்கொண்டிருங்கள், அவன் காதிலும் விழும்படி.

முதல் நாள் எப்படிப் போனது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா