கோயில் எதிரே மனை: விற்காதே என்று சொல்ல தெருவுக்கு உரிமை உண்டா?

கேள்வி: கொளத்தூரில் என் பெயரில் உள்ள ஒரு கிரவுண்டு மனையை ஒரு கிறிஸ்தவ அறக்கட்டளைக்கு விற்க அட்வான்ஸ் வாங்கி, ஒப்பந்தத்தையும் பதிவு செய்துவிட்டேன். ஜெபக்கூடம் கட்டப்போகிறார்களாம். எதிரே அம்மன் கோயில். தெரு நலச்சங்கம் தீர்மானம் போட்டு, "விற்காதே, மீறினால் நடப்பதே வேறு" என்கிறது. மனையில் முன்பு புற்று இருந்ததாகவும், 1991 சட்டப்படி அங்கே வேறு மதத்தார் கட்ட முடியாது என்றும் ஒருவர் சொல்கிறார். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து ஒதுங்கிவிடலாமா?

பதில்: அத்தனை சுலபமில்லை. வாங்குபவர் மீதிப் பணத்தோடு தயாராக நின்றால், கிரயம் செய்து தரச் சொல்லி உங்கள் மேல் வழக்குப் போடலாம். அதற்கு மூன்று வருட அவகாசம் உண்டு. முன்பு அப்படி உத்தரவிடுவது நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது. குறித்துரைத்த பரிகாரச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சில விதிவிலக்குகள் போக, ஒப்பந்தத்தை நிறைவேற்றியே ஆக வேண்டும். தெருவில் எதிர்ப்பு என்பது அந்த விதிவிலக்குகளில் இல்லை. நலச்சங்கத் தீர்மானம் அவர்களுடைய மினிட்ஸ் புத்தகத்தோடு சரி.

1991-ம் வருட வழிபாட்டுத் தலங்கள் சட்டம், 1947 ஆகஸ்ட் 15 அன்று இருந்த வழிபாட்டுத் தலத்தின் மதத்தன்மையை மாற்றக் கூடாது என்கிறது. அயோத்தி அதில் சேராது. காலி மனையில் புதிதாக எழும் கட்டடத்தைப் பற்றி அது பேசவேயில்லை. (இந்தச் சட்டத்தை வாட்ஸ்அப்பில் படித்தவர்களே ஊரில் அதிகம்.) ஆனாலும் புற்றுப் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். மனை கோயில் நிலம் என்று தெரியவந்தால், பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவைக் காட்டி சார்பதிவாளர் கிரயத்தையே பதிய மறுப்பார். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, டவுன் சர்வே பதிவேடு மூன்றையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அவற்றில் கோயில் பெயர் எங்கும் இல்லை, பொது வழிபாடு நடந்ததற்கும் ஆதாரமில்லை என்றால், புற்றுக் கதையை மறந்துவிடலாம்.

தெருக்காரர்களுக்கு ஆட்சேபமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் இடம் வேறு. பொது வழிபாட்டுக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதியோடு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியும் வேண்டும். போலீஸ், தாசில்தார் அறிக்கைகளைப் பார்த்து, பொது அமைதிக்குக் குந்தகம் வரும் என்று கருதினால் அவர் மறுக்கலாம். மறுத்தால் அறக்கட்டளை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும். அரசியல் சட்டம் 25-வது பிரிவு தரும் வழிபாட்டு உரிமைக்குப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவை வரம்புகள். 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பது அந்த வரம்பில் வராது. மிரட்டுகிறவர்கள் நிறையப் பேர் என்பதற்காகவே அனுமதி மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர்களுடைய உண்மையான கவலை சத்தமென்றால், அதற்கு உங்கள் பக்கத்திலேயே வழக்கு இருக்கிறது. மாதவரம் ஹைரோடு பக்கம் ஒரு சபையின் மேளம், மைக் சத்தம் பற்றி குடியிருப்போர் தொடுத்தது உச்ச நீதிமன்றம் வரை போனது. மற்றவர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்திக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-ல் தீர்ப்பு வந்தது. சபையை மூடச் சொல்லவில்லை, சத்தத்தைத்தான் கட்டுப்படுத்தச் சொன்னது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. ஆடி மாதம் எதிர்க் கோயிலில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்கும் இதே கணக்குதான்!

அனுமதி வருமுன் அறக்கட்டளை அஸ்திவாரம் தோண்டினால் அது அவர்கள் பாடு. கோயம்பேட்டில் அனுமதியில்லாமல் கட்டிய மசூதியை அகற்றச் சொன்ன உத்தரவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒப்பந்த வாசகம். ஆட்சியர் அனுமதி கிடைத்தால்தான் கிரயம் என்று நிபந்தனை உண்டா, கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் என்னாகும் என்று பாருங்கள். கிரயப் பத்திரத்தில் 'ஜெபக்கூடம் கட்ட ஏற்ற மனை' என்று எந்த உறுதியும் எழுதித் தராதீர்கள்.

அப்புறம், "நடப்பதே வேறு" என்றவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்று குறித்து, ஸ்டேஷனில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கி வையுங்கள். சங்கம் தடையாணை கேட்டுப் போகும் என்று தோன்றினால், முன்கூட்டியே சிவில் கோர்ட்டில் கேவியட் போடுங்கள். அது 90 நாள் செல்லும். அதுவரை உங்களுக்கு நோட்டீஸ் தராமல் அவர்கள் தடை வாங்க முடியாது.