நாயின் மூக்கும் வாடைக்காற்றும்

கேள்வி: பிரான்சில் இருக்கும் என் சின்ன மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெத்தோன் ஜாதி வேட்டை நாயோடு பறவை வேட்டைக்குப் போவார். போன வாரம் போனில், "இன்னைக்குக் காத்து சரியில்ல, பாதியிலேயே திரும்பிட்டேன்" என்றார். மோப்பம் பிடிப்பது நாய்தானே, இதில் காற்றுக்கு என்ன வேலை? எங்கள் கன்னி நாயும் கரும்புக் கொல்லையில் கௌதாரியை விரட்டுகிறது. அதையும் அப்படிப் பழக்கலாமா?
– ஒரு வாசகி, பாகூர்

பதில்: உங்கள் மாமா சாக்குச் சொல்லவில்லை அம்மா. நான் சொல்தாவாக (பிரெஞ்சுப் படைவீரனாக) பிரான்சில் இருந்த காலத்தில், கூட வேலை பார்த்த ஒருவர் வேட்டைக்குக் கிளம்பினால் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். துப்பாக்கி அவர் தோளில், சாப்பாட்டுப் பை என் தோளில். வண்டியை விட்டு இறங்கியதும் ஒரு பிடி புல்லைக் கிள்ளி மேலே விடுவார். புல் எந்தப் பக்கம் பறக்கிறதோ, அதற்கு எதிர்த் திசையில்தான் நடப்பார். அதற்காக அரை மைல் சுற்றிப் போகவும் தயங்கமாட்டார்.

கருவாடு வறுக்கிற வீடு எது என்று காற்றுக்குக் கீழே இருக்கிற தெருவுக்குத்தானே முதலில் தெரியும்? அதே கணக்குதான். புதரில் பதுங்கியிருக்கும் பறவையின் வாசனை காற்று போகிற பக்கம் விரிந்துகொண்டே போகும். நாய் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு இடமும் வலமுமாக ஓடினால், எங்கேயாவது அந்த வாசனையைக் குறுக்கே வெட்டும். வெட்டிய இடத்தில் அப்படியே சிலையாக நின்றுவிடும். காற்று முதுகுப் பக்கம் அடித்தால் நல்ல நாய்கூட பறவையை மிதிக்காத குறையாகத் தாண்டிப் போகும்.

காற்றே இல்லாவிட்டால்? வாசனை பறவையைச் சுற்றியே தேங்கிவிடும். நாய் கிட்டத்தில் போனால்தான் உண்டு. பலத்த காற்று அதைவிட மோசம். வாசனை சிதறும். செடியெல்லாம் ஆடுவதால் பறவைக்கு ஆள் வரும் சத்தம் கேட்காது. அந்தப் பதற்றத்தில் தூரத்திலேயே எழுந்து பறந்துவிடும், அல்லது காற்றுப் படாத வேலி மறைவில் ஒண்டிக்கொள்ளும். இன்னொரு தொல்லையும் உண்டு. காட்டுக்குள் பெக்காஸ் தேடும்போது (நம் உள்ளானுக்கு உறவுக்காரப் பறவை அது) நாயின் கழுத்தில் மணி கட்டுவார்கள். மணி நின்றால் நாய் பறவையைக் கண்டு நின்றுவிட்டது என்று அர்த்தம். காற்று இரைச்சலில் அந்த மணியே கேட்காது. இப்போது மின்னணுக் கருவி கட்டுகிறார்கள், ஆனாலும் மணியை விடாதவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மாமா எந்தக் கட்சி என்று கேளுங்கள்.

மிதமான காற்று, தரையில் கொஞ்சம் ஈரம், வெயில் ஏறாத காலை: இதுதான் மூக்குக்கு ஏற்ற நாள். அடைமழையில் வாசனை நிற்காது, விட்டதும் நன்றாகத் தெரியும். காய்ந்த வெப்பத்தில் நாய் வாயைத் திறந்து இரைக்கத் தொடங்கினால் மோப்பம் பாதியாகிவிடும்.

சரி, உங்கள் கன்னி. அது கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கிற ஜாதி; பிரெத்தோன் மாதிரி நின்று காட்டு என்றால் அதற்குப் புரியாது. அதோடு, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே கௌதாரி வேட்டை குற்றம். துப்பாக்கி இல்லையே என்று சொல்லித் தப்ப முடியாது, விரட்டிப் பிடிப்பதும் வேட்டைதான். கௌதாரி தரையில் முட்டையிடுகிற பறவை வேறு. கொல்லைப் பக்கம் போனால் கயிற்றைக் கழற்றாதீர்கள்.

மூக்கைப் பழக்க ஆசையென்றால் உங்கள் பழைய துணி ஒன்றை அறுப்பு முடிந்த வயலில் ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட காலையில் வடக்கிலிருந்து வாடைக்காற்று லேசாக அடிக்கும்போது, தெற்கு வரப்பிலிருந்து வடக்கே பார்த்து விடுங்கள். சித்திரை வெயிலில் வேண்டாம். பதினொரு மணிக்குக் கடற்காற்று வந்துவிடும் என்று நம்பி ஓடவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் காற்றில் ஈரம் அதிகம், இரைத்தாலும் நாயின் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்காது.