வகுப்பில் உட்கார்ந்த நேரம் லாக்கில் எங்கே போகும்? கேள்வி பதில்

அமெரிக்கச் சாலைகளில் கனரக லாரி ஓட்டும் நம்மவர்கள் பயிற்சி நேரத்தை லாக்கில், அதாவது ஓட்டும் நேரம், மற்ற வேலை, ஓய்வு எல்லாவற்றையும் பதியும் ஏட்டில், எப்படிக் காட்டுவது என்று கேட்டிருந்தார்கள். ஒரு சரக்கு நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் லாக் சரிபார்ப்பதுதான் என் வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை 7 மணி முதல் பகல் 1 மணி வரை பாதுகாப்பு வகுப்பு, கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. ஆஃப் டியூட்டி என்று போடலாமா அண்ணா?

கூடாது தம்பி. நிறுவனத்துக்காகச் செய்யும் எந்த வேலையும் ஆன் டியூட்டிதான். வண்டி ஓட்டாததால் அது 'ஆன் டியூட்டி, ஓட்டவில்லை' என்ற வரியில் வரும். அதோடு முடிவதில்லை. வேலை தொடங்கி 14 மணி நேரம் ஆனபின் ஓட்டக் கூடாது என்பது விதி; உங்கள் 14 மணி நேரக் கடிகாரம் காலை 7 மணிக்கே ஓடத் தொடங்கிவிட்டது. இரவு 9 மணிக்குமேல் ஓட்டக் கூடாது. 11 மணி நேரம் ஓட்டலாம் என்று சட்டம் சொன்னாலும், 1 மணிக்குக் கிளம்பும் உங்களுக்கு அன்று மிஞ்சுவது 8 மணி நேரம்தான். அந்த 6 மணி நேரம் 8 நாளுக்கு 70 மணி நேர வேலை என்ற உச்சவரம்புக் கணக்கிலும் கழியும். வகுப்பை ஆஃப் டியூட்டி என்று காட்டிவிட்டு, அதன்பிறகு முழுதாக 11 மணி நேரம் ஓட்டியவர்களின் லாக்குகளைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் எழுந்த மனிதர் நள்ளிரவில் நாற்பது டன் லாரியோடு சாலையில் இருக்கிறார் என்பதுதான் அதன் பொருள். எனக்கு அது பயமாக இருக்கிறது.

வகுப்புக்குச் சம்பளம் தரவில்லை. அப்போதுமா?

அப்போதும்தான். கட்டாயமா, இல்லையா என்று மட்டும் பாருங்கள். போகாவிட்டால் லோடு கிடைக்காது, எழுத்தில் எச்சரிக்கை வரும் என்றால் அது கட்டாயம். கட்டாயப் பயிற்சிக்குக் கூலி தராதது தொழிலாளர் ஊதியச் சட்டத்தில் தனி வழக்கு. அதை விட்டுவிடாதீர்கள், ஆனால் லாக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

இரவு 7 மணிக்கு வண்டியை நிறுத்துகிறேன். 9 மணிக்கு ஸ்லீப்பரில் (லாரிக்குள் இருக்கும் படுக்கை) படுத்தபடி நிறுவனம் அனுப்பிய வீடியோ பாடத்தை ஒரு மணி நேரம் முடிக்கிறேன். யாருக்குத் தெரியப்போகிறது?

பாடத்தை எத்தனை மணிக்குத் திறந்தீர்கள், தேர்வை எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்பதெல்லாம் பயிற்சித் தளத்தில் பதிவாகும். விபத்து நடந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கும் காகிதங்களில் அதுவும் இருக்கும். கணக்கு இதுதான்: மறுபடி ஓட்டுவதற்கு முன் வேண்டிய தொடர்ச்சியான 10 மணி நேர ஓய்வு 9 மணிக்கு முறிந்துவிட்டது. பாடம் முடிந்த 10 மணியிலிருந்து அது புதிதாகத் தொடங்கும். தொடர்ச்சியான ஓய்வின் கணக்குப்படி மறுநாள் காலை 8 மணிக்கு முன் சக்கரம் உருளக் கூடாது. அதனால் இந்த வீடியோக்களை ஓய்வுக்கு முன்பே, வண்டியை நிறுத்திய கையோடு முடித்துவிடுங்கள். லோடு ஒதுக்கும் டிஸ்பாச்சர் ஒரு நிமிடம் போனில் பேசினால் ஓய்வு முறிவதில்லை. ஒரு மணி நேரப் பாடம் அப்படியல்ல.

நான் ஆன் டியூட்டி என்று போட்டதை அலுவலகம் ஆஃப் டியூட்டியாக மாற்றி அனுப்பியிருக்கிறது. என்ன செய்வது?

ஒப்புக்கொள்ளாதீர்கள். மின்னணு லாக் கருவியில் அலுவலகம் செய்யும் திருத்தம் ஒரு முன்மொழிவுதான். நீங்கள் சான்றளித்தால்தான் அது நிற்கும். நிராகரித்துவிட்டு, குறிப்புப் பகுதியில் 'கட்டாயப் பாதுகாப்பு வகுப்பு' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஊரின் பெயரையும் நேரத்தையும் சேருங்கள். வகுப்புக்கு வரச்சொன்ன குறுஞ்செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொய்யாகக் காட்டிவிட்டு ஓட்டு என்று மிரட்டினால் அது சட்டப்படி வற்புறுத்தல். 2016 முதல் அதற்குத் தனி விதி இருக்கிறது. கூட்டரசு மோட்டார் வாகனப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் 90 நாட்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பொய் லாக்கில் கையெழுத்துப் போட்டவரும் குற்றவாளிதான் என்பதை இளைய ஓட்டுநர்கள் மறந்துவிடுகிறார்கள்.

டொராண்டோவில் வகுப்பு முடித்துவிட்டு எல்லை தாண்டினேன். கனடாவில் நடந்தது இங்கே சேருமா?

சேரும். அமெரிக்கக் காவல் அதிகாரி அன்றைய லாக்கோடு முந்தைய 7 நாட்களையும் கேட்பார். எந்த நாட்டில் வேலை செய்தீர்கள் என்பது அந்தக் கூட்டலுக்குப் பொருட்டல்ல.

வேறு ஊரில் பயிற்சி. நிறுவனம் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. பயண நேரம்?

நிறுவனம் அனுப்பிய பயணம், ஆகவே ஆன் டியூட்டி. போய்ச் சேர்ந்ததும் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு கொடுத்தால் மட்டும் பயணத்தையும் ஆஃப் டியூட்டியாகக் காட்டலாம்.

புதியவருக்குப் பயிற்சி கொடுத்தபடி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆன் டியூட்டி, ஓட்டவில்லை. சொல்லிக்கொடுப்பதும் வேலை. ஸ்டீயரிங் பிடித்திருக்கும் புதியவருக்கு அது ஓட்டும் நேரம்.

ஆபத்தான சரக்குக்கான பயிற்சி, போதைமருந்துச் சோதனை இரண்டும்?

ஆபத்தான சரக்குப் பயிற்சியை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். நிறுவனம் அதை நடத்தினால் ஆன் டியூட்டி. உரிமத்தில் கூடுதல் தகுதி சேர்க்க உங்கள் விருப்பத்தில் வீட்டில் படித்தால் அது உங்கள் சொந்த நேரம். முன்னறிவிப்பின்றி வரும் சோதனையைப் பொறுத்தவரை, மாதிரி கொடுக்கும் நேரமும் போய்வரும் நேரமும் ஆன் டியூட்டி என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

150 மைல் வட்டத்துக்குள் ஓட்டுகிறேன், லாக்கே இல்லை. எனக்கு?

உங்கள் நேர அட்டையில் வேலை தொடங்கிய மணி என்பது வகுப்பு தொடங்கிய மணிதான். வகுப்பையும் சேர்த்து 14 மணி நேரத்துக்குள் வேலை முடியாவிட்டால் அன்றைக்கு லாக் எழுதாமல் இருக்கும் குறுந்தூரச் சலுகை போய்விடும், லாக் எழுத வேண்டியிருக்கும்.