1883-இல் கிரகடோவா வெடித்தபோது மக்களைக் கொன்றது எரிமலைக் குழம்பா?

எரிமலை என்றதும் செந்நிறக் குழம்பு வழிந்தோடும் காட்சியே மனத்தில் எழுவதால் இக்கேள்வி இயல்பானதே; ஆனால் இந்தோனேசியாவின் ஜாவா, சுமத்ரா தீவுகளுக்கு இடையே, சுந்தா நீரிணையில் நிகழ்ந்த அந்த வெடிப்பில் பெரும்பாலானோரைக் கொன்றது கடல்தான்.

மே மாதமே சீறத் தொடங்கிய அம்மலை, ஆகஸ்ட் 27 அன்று காலை பத்து மணியளவில் உச்சமாக வெடித்தது. அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேறி நிலத்தடி வெறுமையானதால் தீவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் அமிழ்ந்தது. கூடவே, சுடுசாம்பலும் கற்களும் பெருந்திரளாகக் கடலில் பாய்ந்து நீரை இடித்துத் தள்ளியதால், சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஆழிப்பேரலைகள் இரு கரைகளிலும் இருந்த ஊர்களைத் துடைத்தெறிந்தன. டச்சு அரசு கணக்கிட்ட உயிரிழப்பு 36,417. சுமத்ராவின் தென்கரையில் மட்டும், கடற்பரப்பின் மீதே தவழ்ந்து வந்த கொதிக்கும் சாம்பல் மேகம் பலரைப் பலிகொண்டது. சுமார் 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரோட்ரிக்ஸ் தீவில் அந்த ஓசை பீரங்கி முழக்கமாகக் கேட்டது என்பது, எனக்கு இன்னும் நம்ப அரிதாகவே தோன்றும் உண்மை.

அமிழ்ந்த இடத்தில் 1927-இல் தலைதூக்கிய அனாக் கிரகடோவா, அதாவது கிரகடோவாவின் பிள்ளை, இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. 2018 டிசம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் கடலில் சரிந்தபோது, நிலநடுக்க முன்னறிகுறி ஏதுமின்றி எழுந்த அலை நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.