எத்தனை பினோக்கியோ?

வாசகர் கடிதம்:

அன்புள்ள ஐயா,

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. இனியாவது நிம்மதியாக இதை எழுதலாம். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகன், ஏழு வயதில் ஒரு மகள். மாமனாரும் எங்களோடு இருக்கிறார். கிறிஸ்துமஸ் வாரத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஒரு படம் தேடினால், உயிர்பெற்ற மரப்பொம்மை பினோக்கியோவின் கதைதான்: ஒரு பினோக்கியோவுக்குப் பக்கத்தில் இன்னொரு பினோக்கியோ, அதற்குப் பக்கத்தில் வேறொன்று. சிண்ட்ரெல்லாவுக்குக் கணக்கே இல்லை. ஆண்டுதோறும் யாராவது ஒருவர் ஸ்குரூஜ் என்ற கஞ்சக் கிழவர் வேடம் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். உலகத்தில் கதைக்கு அவ்வளவு பஞ்சமா?

மகளுக்கு இதெல்லாம் கவலையே இல்லை. பார்த்த படத்தையே பார்க்கிறாள். நடிகர் வாயைத் திறப்பதற்குள் இவள் வசனத்தைச் சொல்லிவிடுகிறாள். தடுக்க வேண்டுமா என்று தெரியவில்லை. மாமனாரோ, "மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த அலிபாபாதான் அசல், இவர்கள் எடுப்பதெல்லாம் நகல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டூடியோவின் வளைவைக் கடந்துதான் நான் வேலைக்குப் போகிறேன். அதனால் மறுத்துப் பேசவும் மனம் வரவில்லை.

இன்னொன்று. இயக்குநர் டெல் டோரோவின் பினோக்கியோவைப் போட்டேன். பத்து நிமிடத்துக்குள் குண்டு விழுந்து ஒரு பையன் இறந்துவிட்டான். மகள் அழ ஆரம்பித்தாள், நிறுத்திவிட்டேன். இதைக் குடும்பப் படம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ச., அஸ்தம்பட்டி, சேலம்

பதில்:

அன்புள்ள ச.,

மாமனாரின் அலிபாபாவை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

அவர் சொல்லும் படம் 1956 பொங்கலுக்கு வந்தது. ஸ்டூடியோவின் முதலாளி டி.ஆர். சுந்தரமே இயக்கினார். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். முழுக்க வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படம் அது. எல்லாம் சரி, ஆனால் அசலா? அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தியில் ஹோமி வாடியா எடுத்த அலிபாபாவைத்தான் சுந்தரம் தமிழுக்குக் கொண்டுவந்தார். தமிழிலேயே 1941-இல் என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும் நடித்து ஓர் அலிபாபா வந்துவிட்டது. அதற்கும் பின்னால் போனால் விஷயம் இன்னும் வேடிக்கை. ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் அலிபாபா கதையே கிடையாது. 1709-இல் பாரிசுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற அலெப்போ இளைஞர் அதை வாய்மொழியாகச் சொல்ல, அந்துவான் கலான் என்ற பிரெஞ்சுக்காரர் குறித்துக்கொண்டு தன் மொழிபெயர்ப்பில் சேர்த்துவிட்டார். அலாவுதீன் கதையும் அதே இளைஞர் சொன்னதுதான். அவர் யாரிடம் கேட்டாரோ! இதில் எந்தப் படியில் நின்றுகொண்டு இதுதான் அசல் என்று சொல்வது?

மாடர்ன் தியேட்டர்ஸுக்கு இந்த விஷயத்தில் கூச்சமே இருந்ததில்லை. இரும்பு முகமூடிக் கதையை எடுத்து 1940-இல் பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம் கொடுத்து உத்தமபுத்திரன் ஆக்கினார்கள். 1958-இல் வேறொரு கம்பெனி அதே தலைப்பில் சிவாஜியை வைத்து மறுபடி எடுத்தது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆனாலும் உங்கள் மாமனாரின் நினைவு பொய்யில்லை. குகை திறக்கிறது, உள்ளே பொன்னும் மணியும். அதுவரை அந்தப் பொன்னைத் தமிழ்ப் படம் பார்ப்பவர்கள் சாம்பல் நிறத்தில்தான் பார்த்திருப்பார்கள். மஞ்சளை மஞ்சளாகக் காட்ட முடியும் என்று வந்த நாளில் புதையல் கதையை மறுபடி சொல்ல சுந்தரத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது. பழைய கதையை யார் தொட்டாலும் நான் பார்ப்பது இதைத்தான்: இவருக்கு இதை இப்போது சொல்ல என்ன காரணம்?

பெரும்பாலும் காரணம் பணம்தான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நம் சட்டப்படி பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. பிற நாடுகளிலும் இதுபோல ஒரு கணக்கு உண்டு. பினோக்கியோவை எழுதிய கார்லோ கொலோடிக்கோ ஸ்குரூஜ் கதையை எழுதிய சார்லஸ் டிக்கன்ஸுக்கோ யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. பெயரும் ஊரறிந்த பெயர், ஆகவே விளம்பரச் செலவில் பாதி மிச்சம். டிக்கெட் வாங்குவது பிள்ளை இல்லை, பெற்றோர். அவர்களுக்கோ தெரிந்த பெயர் என்றால் ஒரு தைரியம். பீட்டர் பேன் மட்டும் விதிவிலக்கு: அதை எழுதிய பாரி 1929-இல் உரிமையை லண்டனில் உள்ள ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார். பிரிட்டனில் அந்த வருமானம் காலவரையின்றி மருத்துவமனைக்கே சேர 1988-இல் தனியாகச் சட்டமே போட்டார்கள்.

உரிமை போனதாலேயே பண்டிகைப் படமான கதையும் உண்டு. 1946-இல் வந்த இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப் அப்போது வசூலில் சோபிக்கவில்லை. 1974-இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் இலவசச் சரக்கு என்று கிறிஸ்துமஸ்தோறும் போட்டுத் தள்ளின. பார்த்துப் பார்த்தே மக்கள் அதை நேசிக்கத் தொடங்கினார்கள். கஞ்சத்தனமும் சில நேரம் நல்லது செய்கிறது.

மகளை ஏன் தடுக்க வேண்டும்? நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் கூத்துப் பார்க்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். அபிமன்யு சாகப்போகிறான் என்று தெரியாமல் அங்கே ஒருவர்கூட உட்கார்ந்திருப்பதில்லை. போன ஆண்டும் செத்தான், அதற்கு முந்தைய ஆண்டும் செத்தான். விடிய விடியப் பார்த்துவிட்டு இந்த ஆண்டும் அழுகிறார்கள். அதே மேடையில் கோமாளியான கட்டியங்காரன் மட்டும் போன ஆண்டு சொன்ன கிண்டலை இந்த ஆண்டு சொல்ல முடியாது. தண்ணீர் வராத குழாய், ஏறிப்போன விலைவாசி என்று அன்றைக்கு ஊரில் நடப்பதைப் பேசினால்தான் கூட்டம் சிரிக்கும். கதை மாறக் கூடாது, கட்டியங்காரன் பழசாகவும் கூடாது. உங்கள் மகள் கேட்பது இதில் முதல் பாதி. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்திருப்பதுதான் அவளுடைய சுகம். சலிப்பு நமக்கு வருவது.

சரி, இரண்டாவது பாதி. 2022-ஆம் ஆண்டு இதற்காகவே அமைந்ததுபோல இருக்கிறது: செப்டம்பரில் டிஸ்னியின் பினோக்கியோ, டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் கிலெர்மோ டெல் டோரோவின் பினோக்கியோ. டிஸ்னியுடையது அவர்களே 1940-இல் கையால் வரைந்த படத்தை டாம் ஹாங்க்ஸை வைத்து மறுபடி எடுத்தது. அந்தப் பழைய படத்தில் ஊர்சுற்றும் பையன்கள் இன்பத் தீவுக்குப் போய்ச் சுருட்டுப் பிடிக்கிறார்கள், பீர் குடிக்கிறார்கள், பிறகு கழுதையாகிறார்கள். சின்ன வயதில் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். புதிய படத்தில் சுருட்டைக் காணோம். பீர், ரூட் பீர் என்கிற சோடாவாகிவிட்டது. சோடா குடித்ததற்கா ஒரு பையன் கழுதையாக வேண்டும்? தண்டனையை அப்படியே வைத்துக்கொண்டு குற்றத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். யாரிடமிருந்தும் புகார் வரக் கூடாது என்ற கவலையில் எடுத்த படத்தைக் குழந்தைக்காக எடுத்த படம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டெல் டோரோ கதையை முசோலினி காலத்து இத்தாலிக்குக் கொண்டுபோனார். சொன்னபடி கேட்கும் பிள்ளைதான் நல்ல பிள்ளை என்பது கொலோடியின் பாடம். எல்லோரும் சொன்னபடி கேட்டு அணிவகுத்து நிற்கும் ஒரு நாட்டில், சொன்னபடி கேட்காத மரப்பொம்மைதான் உருப்படியான ஆள் என்று இவர் திருப்பிவிட்டார். நூற்றுநாற்பது ஆண்டுப் பழைய கதையை மறுபடி சொல்ல இது போதுமான காரணம். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரும் கிடைத்தது. அது கிடைக்காமல் போயிருந்தாலும் என் கருத்து இதுதான்.

சாவைக் காட்டிவிட்டார் என்று அவர்மேல் கோபப்பட வேண்டாம். கொலோடி இதை 1881-இல் ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடராக எழுதத் தொடங்கியபோது, பினோக்கியோவை ஓக் மரத்தில் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார். பத்திரிகையும் வாசகர்களும் விடாததால்தான் உயிர்கொடுத்துத் தொடர்ந்தார். அறிவுரை சொல்லும் சில்வண்டை அந்தப் பொம்மை சுத்தியலால் அடித்துக் கொல்வதும் புத்தகத்தில் உண்டு. தொப்பியும் குடையுமாக அதைப் படம் முழுக்கப் பாடவைத்தது டிஸ்னியின் வேலை. (அறிவுரை சொல்பவர்கள் விஷயத்தில் என் அனுதாபம் கொலோடி பக்கம்.)

ஸ்குரூஜ் கிழவரும் இப்படித்தான். 1843-இல் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் பிள்ளைகள் படும் பாட்டைப் பற்றிய அரசு அறிக்கையைப் படித்துக் கொதித்துப்போய், சுமார் ஆறு வாரங்களில் டிக்கன்ஸ் எழுதி முடித்த கதை அது. டிசம்பர் 19-ஆம் தேதி வெளிவந்த 6,000 பிரதிகள் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துவிட்டன. 1853 முதல் இறந்த ஆண்டான 1870 வரை அவரே அதைக் கூட்டத்தின் முன் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். 1901-இலேயே அது சினிமாவாகியும்விட்டது. புத்தகத்தில் ஓர் ஆவி தன் அங்கியை விலக்கி, எலும்பும் தோலுமாக இரண்டு குழந்தைகளைக் காட்டும் இடம் வரும். அறியாமை என்றும் வறுமை என்றும் அவற்றுக்குப் பெயர். டிக்கன்ஸ் இந்தக் கதையை எழுதியதே அந்த இரண்டு பேருக்காகத்தான். பண்டிகைப் படங்கள் பலவற்றில் முதலில் வெட்டுப்படுவதும் அவர்கள்தான். பனி, பரிசுப்பொட்டலம், வான்கோழி எல்லாம் பத்திரமாக இருக்கும்.

குடும்பப் படம் என்ற முத்திரையை நம்பவே நம்பாதீர்கள். 2011 முதல் சில ஆண்டுகள் நம் மாநிலத்தில் கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமென்றால், எல்லா வயதினரும் பார்க்கலாம் என்கிற யு சான்றிதழ் வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஜிஎஸ்டி வந்த 2017-இல் அந்த ஏற்பாடே போய்விட்டது. அது நடைமுறையில் இருந்தவரை குடும்பப் படம் என்பது ஒரு கணக்குப்பிள்ளை விவகாரம். அரிவாளோடு ஓடும் சித்தப்பாக்களைத் தீபாவளிக்குத் தீபாவளி குடும்பத்தோடு பார்த்தவர்கள் நாம். இப்போதைய முறை கொஞ்சம் தேவலை. ஓடிடி தளங்களுக்கு 2021 விதிகளாலும், திரையரங்குகளுக்கு 2024 விதிகளாலும் யு/ஏ 7+, 13+, 16+ என்று வயது பிரித்துவிட்டார்கள். அந்த எண்ணைப் பாருங்கள், ஆனால் முடிவு அம்மாவுடையது. நீங்கள் பத்தாவது நிமிடத்தில் நிறுத்தியது சரி. அதற்காகப் படம் தவறு என்று ஆகிவிடாது. உங்கள் மகளுக்கு இன்னும் நாளாகவில்லை, அவ்வளவுதான்.

இதைப் பற்றி எரிக் கேஸ்ட்னர் எழுதியதைவிட நன்றாக யாரும் எழுதியதில்லை. பிரிந்துவிட்ட பெற்றோரை இரட்டைச் சிறுமிகள் சேர்த்துவைக்கும் கதையை 1949-இல் ஜெர்மன் மொழியில் எழுதியவர். குழந்தைகள் புத்தகத்தில் விவாகரத்தா என்று கேட்பவர்களுக்குக் கதையின் நடுவிலேயே நின்று பதில் சொல்கிறார். ஷெர்லி டெம்பிள் என்ற சிறுமி உலகப் புகழ்பெற்ற நட்சத்திரமாக இருந்தபோது, அவள் நடித்த படத்தையே அவள் பார்க்க வயது போதாது என்று தியேட்டரில் விடவில்லையாம். நடிக்கலாம், பார்க்கக் கூடாது! அதேபோல, பெற்றோர் பிரிவதால் துன்பப்படும் குழந்தைகள் உண்டு, பிரியாமல் இருப்பதால் துன்பப்படும் குழந்தைகளும் உண்டு. துன்பத்தை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு அதைப் பற்றி அவர்களிடம் பேச மட்டும் மாட்டோம் என்பது என்ன நியாயம் என்று கேட்கிறார்.

இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1950-இல் ஜெர்மனியில் படமாகி, 1961-இல் டிஸ்னி எடுத்து, 1965-இல் ஏவிஎம் எடுத்த குழந்தையும் தெய்வமும் இதுவே. இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு, இரட்டை வேடத்தில் குட்டி பத்மினி. கேஸ்ட்னரின் கதையில் அப்பா ஓர் இசையமைப்பாளர். தனிமை வேண்டும் என்று தவிக்கிறவர், வீட்டில் இரட்டைக் குழந்தைகள் வீறிட்டால் அவருக்கு வேலை ஓடாது. குடும்பம் உடைந்தது அதனால். சென்னைக்கு வந்ததும் அந்தக் காரணத்தை மாற்றிவிட்டார்கள். கலைஞனின் தனிமைக்காகக் குடும்பம் உடையும் என்று சொன்னால் இங்கே யார் நம்புவது? ஜி. வரலட்சுமியை அதிகாரம் பண்ணும் பணக்கார மாமியாராகக் கொண்டுவந்தார்கள். ஊர் முழுக்க நம்பியது. கணவன் மனைவி இருவரையும் குற்றத்திலிருந்து தப்பவைத்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரு குறை உண்டு, ஆனால் தழுவல் என்றால் இதுதான். எலும்பு கேஸ்ட்னருடையது, மாமியார் நம்முடையவர்.

ஆகவே அடுத்த விடுமுறைக்கு இதைச் செய்து பாருங்கள். மாமனாரையும் சேர்த்து எல்லோரும் பார்க்கக் குழந்தையும் தெய்வமும். மகளுக்கு 1992-இல் வந்த மப்பெட் பொம்மைகளின் கிறிஸ்துமஸ் கதை. அதில் டிக்கன்ஸின் இரண்டு குழந்தைகள் இல்லைதான், ஆனால் சுற்றிலும் தவளையும் எலியும் ஆடிப்பாட, நடுவில் மைக்கேல் கெய்ன் ஒரு கணம்கூடக் கண்சிமிட்டாமல் ஸ்குரூஜாக வாழ்கிறார். குழந்தைகள் படம்தானே என்ற இளப்பம் அவர் முகத்தில் எங்கும் இல்லை. டெல் டோரோவை மகனோடு நீங்கள் உட்கார்ந்து, மகள் தூங்கிய பிறகு பாருங்கள். பாதியில் எழுந்து வந்தாள் என்றால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், முதல் பத்து நிமிடம் கடந்திருக்கும்.