கிறிஸ்துமஸுக்கு ஒரு குடும்பம் எவ்வளவு செலவு செய்யலாம்? கடன் இல்லாமல் எப்படித் திட்டமிடுவது?

"சம்பளத்தில் இத்தனை சதவீதம்" என்று சொல்லிவிடலாம், ஆனால் அது யாருக்கும் உதவாது. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு வீடுகளில் ஒன்றில் வீட்டுக்கடன் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கட்டாயச் செலவும் வழக்கமான சேமிப்பும் போக மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். அதில் கால் பங்கை, கையில் இருக்கும் மாதங்களால் பெருக்குங்கள். மாதம் 6,000 மிஞ்சினால் கால் பங்கு 1,500. பிப்ரவரியில் ஆரம்பித்தால் நவம்பர் முடிய 10 மாதம், ஆக 15,000. அக்டோபரில்தான் ஞாபகம் வந்தது என்றால் இரண்டே மாதம், 3,000. இந்த வருடக் கொண்டாட்டம் அந்த 3,000-க்குள்தான். போனஸை, அது கைக்கு வரும்வரை கணக்கில் சேர்க்காதீர்கள். சம்பளம் கணக்கில் வந்து விழுந்த மறுநாளே இந்தத் தொகை தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள்.

இவ்வளவு கறாராக ஏன் சொல்கிறேன் என்றால், கிரெடிட் கார்டு. பண்டிகைக்கு 10,000 தேய்த்துவிட்டு, மாதம் 3 சதவீத வட்டியில், பாக்கியில் 5 சதவீதமான குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருவதாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எதுவும் வாங்காவிட்டாலும், 12 மாதத்தில் ஏறக்குறைய 5,500 கட்டியிருப்பீர்கள், ஆனால் பாக்கி இன்னும் 7,700 நிற்கும். அதாவது அடுத்த கிறிஸ்துமஸ் வரும்போது போன கிறிஸ்துமஸின் முக்கால்வாசி கடன் அப்படியே இருக்கும். "வட்டியில்லாத் தவணை" என்பதிலும் கவனம் தேவை. தனித்தனியாகச் சின்னதாகத் தெரியும் நான்கைந்து தவணைகளும் ஜனவரியில் ஒன்றாக வந்து விழும்.

தொகை முடிவானதும் பலர் நேராகப் பரிசுப் பட்டியலுக்குப் போகிறார்கள். வரிசை தப்பு. முதலில் பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியே வையுங்கள். டெலிவரி கட்டணம், பரிசு சுற்றும் தாள், பொம்மைக்கு பேட்டரி, சொல்லாமல் வரும் விருந்தாளி, எல்லாம் அதிலிருந்துதான். அடுத்து பயணம், ஏனென்றால் நாள் நெருங்க நெருங்க டிக்கெட் விலை ஏறும். பிறகு விருந்து. மிஞ்சியதுதான் பரிசுகளுக்கு.

பரிசில்தான் அதிகம் மிச்சம் பிடிக்க முடியும். பெரியவர்கள் 8 பேர் ஒருவருக்கொருவர் கொடுத்தால் 56 பரிசு. சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவர் என்று வைத்தால் 8 தான். உச்ச விலையையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். இந்தப் பேச்சை செப்டம்பரிலேயே எடுக்க வேண்டும். டிசம்பரில் எடுத்தால் யாராவது ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பார்கள், மனவருத்தம்தான் மிஞ்சும். இன்னொன்று: கல்லூரி மாணவர்களிடம் ஆய்வு செய்து 1993-ல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் எழுதியது. பரிசைப் பெற்றவர் அதற்குப் போடும் மதிப்பு, கொடுத்தவர் செலவழித்ததைவிட 10 சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்ததாம். தாத்தா பாட்டி, மாமா அத்தை கொடுத்ததில் இந்த இடைவெளி அதிகம், நெருங்கிய நண்பர்கள் கொடுத்ததில் மிகக் குறைவு. அதனால் தூரத்து உறவுகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டே வாங்குங்கள். கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

முன்கூட்டியே வாங்குவது நல்லதுதான், ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஆகஸ்டில் எடுத்த குழந்தை உடுப்பு டிசம்பரில் பத்தாமல் போகும், அதற்குள் மாற்றிக்கொள்ளும் கெடுவும் முடிந்திருக்கும். வாங்கியதை அலமாரியில் ஒளித்து மறந்து, அதையே திரும்ப வாங்குவதும் நிறைய நடக்கிறது. பெயர், பொருள், விலை, வைத்த இடம் நான்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். விளக்குச் சரம், அலங்காரம், சுற்றும் தாள் இவற்றைப் பண்டிகை முடிந்த வாரத்தில் தள்ளுபடியில் எடுப்பது லாபம்.

ஜனவரி முதல் வாரத்தில் அதே தாளில் திட்டமிட்ட தொகைக்குப் பக்கத்தில் உண்மையில் ஆன தொகையையும், மீந்த பரிசுத் தாள் சுருள் எத்தனை என்பதையும் குறித்து, அலங்காரப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடிவிடுங்கள். அடுத்த வருடம் பெட்டியைத் திறக்கும்போது முதலில் கையில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.