தர்பூசணியின் சொந்தபந்தம்: கேட்டதும் சொன்னதும்

பயிர் மரபியலில் வேலை செய்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: திண்டிவனம் பக்கம் தர்பூசணி போடுகிறோம். வரப்பில் பேய்க்குமட்டி என்ற கசப்பான காட்டுக்கொடி படர்ந்திருக்கிறது. பழம் கசந்துவிடுமா?

பதில்: இந்தப் போகத்தில் கசக்காது. சதை தாய்க்கொடியுடையது, வேற்று மகரந்தம் அதன் சுவையை மாற்றாது. ஆனால் அந்தப் பழத்தின் விதையை எடுத்து விதைக்காதீர்கள். இரண்டும் ஒரே பேரினம், இரண்டுக்கும் 22 குரோமோசோம். தேனீ போதும், கலந்துவிடும். கசப்பு ஓங்கு பண்பு, அதாவது கலப்பில் மேலோங்கி வெளிப்படுவது என்பதால் கலப்புக் கொடியின் காயும் கசக்கும். அந்தக் கசப்பைத் தரும் குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள் ரத்தபேதி வரை கொண்டுபோகும். நாக்கில் கசப்புத் தட்டினால் துப்பிவிடுங்கள்.

கேள்வி: விதையில்லாத பழம் மரபணு மாற்றியதா?

பதில்: இல்லை. 44 குரோமோசோம் கொடியை 22 உள்ளதோடு சேர்த்தால் 33 வரும். ஜோடி சேராததால் விதை முற்றாது.

கேள்வி: சிவப்பு ஊசி போடுகிறார்களாமே?

பதில்: சிவப்பு, பழத்திலேயே உள்ள லைகோபீன் என்ற நிறமி தருவது. சந்தேகம் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் கேளுங்கள்.

கேள்வி: தர்பூசணியின் தாயகம் தெற்கு ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனம்தானே?

பதில்: அப்படித்தான் வெகுகாலம் நம்பினார்கள். 1773இல் ஸ்வீடன் தாவரவியலாளர் துன்பெர்க் தென்னாப்பிரிக்காவில் எடுத்த செடியின் பெயரைத் தர்பூசணிக்கும் வைத்துவிட்டார்கள். பிற்பாடு அந்த உலர்மாதிரியின் டிஎன்ஏவைப் பார்த்தால், அது சிட்ருல்லஸ் அமாரஸ் என்ற வேறு இனம்! 2021இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வுப்படி மிக நெருங்கிய உறவு சூடானின் கொர்டோஃபான் முலாம். சதை வெள்ளை, கசப்பு கிடையாது.

கேள்வி: கலஹாரி மக்கள் இன்றும் சம்மா காயிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்களே, அதுதானே ஆதி?

பதில்: எடுக்கிறார்கள், உண்மை. ஆனால் சம்மா அந்த அமாரஸ்தான். பங்காளி, பாட்டன் இல்லை. 4,000 ஆண்டுக்கு முந்தைய எகிப்துக் கல்லறை ஓவியத்தில் தட்டில் நீளமான வரிப்பழம் இருக்கிறது. தர்பூசணிக் கதை வடகிழக்கு ஆப்பிரிக்காவோடுதான் ஒட்டுகிறது.

கேள்வி: அப்படியானால் அமாரஸால் நமக்கு என்ன பயன்?

பதில்: நிறைய. இனிப்பையே பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் நம் ரகங்களின் மரபு வளம் சுருங்கிவிட்டது. ஃபியூசேரியம் பூஞ்சையால் வரும் வாடலையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கும் மரபணுக்களை அமாரஸில்தான் தேடுகிறோம். காட்டுக்கொடிகளைக் களை என்று ஒழித்தால் நாளை கேட்க ஆளிருக்காது.

கேள்வி: ஊசி போட்டதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: மேலே சொன்னதுதான், உணவுப் பாதுகாப்புத் துறையிடம் கேளுங்கள்.

கேள்வி: பேய்க்குமட்டியை மருந்தாகச் சாப்பிடலாமா?

பதில்: சித்த மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக வாயில் வைக்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், கசந்தால் துப்புங்கள்.